வரைபடத்தில் ஒன்றாம் எண்

ஊர்க்கூட்டத்தில் வைத்து நான் ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கினேன். அவர் பெயரைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, சொன்னேன். என் குறிப்பேட்டில் அதே பக்கத்தில் இன்னொருவர் பெயரும் இருந்தது. இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும், அல்லது இரண்டையும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது பெயரை மட்டும் மறைத்தேன். அந்த மனிதர் வீட்டில் இரண்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர மறைத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இருப்பவர்களுக்காக ஊர்ப் பெயரை எழுதவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டு வண்டித்தடத்தில் அரைமணி நேரம் நடந்தால் வரும் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசி அது. நான் மருத்துவம் முடித்துவிட்டு, சென்னையில் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார மேற்படிப்பில் சேர்ந்திருந்தேன். கத்தி பிடிக்கக் கை நடுங்குகிறவர்கள் சேரும் படிப்பு என்று உடன் படித்த மருத்துவர்கள் கேலி செய்வார்கள். கிணறு, சாக்கடை, கொசு, கக்கூஸ், பிறப்பு இறப்புக் கணக்கு என்று அந்தப் படிப்பு முழுக்க ஊரைப் பற்றியதாகவே இருந்தது. எங்கள் பேராசிரியர் அதிகம் பேசாதவர். வீடு வீடாகப் போய் விவரம் எடுக்கும் முறையைக் கற்பித்த நாளில் ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டார். நோயாளியின் பெயர் குறிப்பேட்டோடு நிற்க வேண்டும். வெளியே எண் மட்டும்தான் வரவேண்டும். நானும் அதை எழுதிக்கொண்டேன், அடிக்கோட்டோடு.

படிப்பின் முடிவில் ஒரு நோயை எடுத்து, ஓர் ஊரில் தங்கி, அது எப்படிப் பரவுகிறது என்று ஆய்வேடு எழுத வேண்டும். நான் நரம்புச் சிலந்தியை எடுத்தேன். இன்றைய தலைமுறைக்கு அது என்னவென்றே தெரியாது; தெரியாமல் போனது நல்லதுதான். காலில் ஒரு கொப்புளம் வரும். நெருப்பை வைத்தாற்போல் எரியும். தண்ணீரில் காலை வைத்தால் எரிச்சல் அடங்கும். ஆனால் வைத்ததும் கொப்புளம் உடைந்து, நூல் போல வெள்ளைப் புழு ஒன்று தலை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளைக்கு விரற்கடை அளவுதான் வெளியே இழுக்க முடியும். அறுந்தால் கால் வீங்கி மாதக்கணக்கில் படுக்கைதான். தண்ணீரில் கால் வைத்த நேரத்தில் அந்தப் புழு கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை விட்டுவிடும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் கொப்புளம் வரும். ஆகவே இந்த ஆண்டு நோயாளிகளை எண்ணினால், போன ஆண்டு யார் கால் தண்ணீரில் பட்டது என்று தேட வேண்டும். தேடுவதற்கு ஊராரின் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்த ஊரைச் சுற்றிக் கிணறுகள் எல்லாம் உப்பு. குடிப்பதற்கு ஒரே ஓர் ஊருணி. மழைத் தண்ணீர் அதில் நிறைந்தால் சித்திரை வைகாசி வரைக்கும் ஊர் பிழைக்கும். ஊருணியைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு படல் கதவு, அதற்குப் பூட்டு. பங்குனி பிறந்ததும் வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்துவிடுவார்கள். தண்ணீர் கீழ்ப்படிக்கு இறங்கிய பிறகு, ஊரார் ஆளாளுக்கு இறங்கிக் கலக்கிவிடக் கூடாது என்று ஒரே ஓர் ஆள் மட்டும் உள்ளே நிற்பது வழக்கம். அந்த ஆள் முழங்கால் தண்ணீரில் நின்று மொண்டு மொண்டு ஊற்ற, மற்றவர்கள் படியில் நின்று குடத்தை நீட்டுவார்கள். தண்ணீரைச் சுத்தமாக வைக்க அவர்கள் கண்ட வழி அது. நூறு கால் படாமல் ஒரு கால் மட்டும் படும். அந்த ஒரு காலில் புழு இருந்தால் ஊர் முழுக்கப் புழு என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அந்த ஊருக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உள்ளே நின்று ஊற்றியவரைத்தான் ஊரில் ஊருணியக்கா என்றார்கள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் இல்லை; பதினேழு வயதில் ஒரு மகள். ஊருணிக் காவலுக்காக அறுவடையில் வீட்டுக்கு வீடு கம்போ சோளமோ கொடுப்பார்கள்; அதுதான் ஜீவனம். தினமும் விடிந்ததும் புளியும் சாம்பலும் போட்டுக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் இறங்குவார். செருப்போடு யாராவது வேலிக்குள் வந்தால் குரலிலேயே விரட்டிவிடுவார். ஒருநாள் ஒரு பெண் குடத்தை நீட்டிக்கொண்டே சண்டை பிடித்தது நினைவிருக்கிறது. “யக்கா, எங் கொடத்துக்கு மட்டும் கழுத்தோட நிப்பாட்டுறீக. ஒங்க மதினி கொடம்னா வழிய வழிய ஊத்துறீக.” அக்கா நிமிராமலே சொன்னார்: “ஒங் கொடத்துக்குக் கழுத்து எங்கடி இருக்கு? நானும் தேடித் தேடித்தான் பாக்குறேன்.” படியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நெளிந்த குடம் அது. சண்டை பிடித்தவளும் சிரித்துவிட்டாள்.

ஊருணியின் சாவி ஊர்த் தலைவரிடம் இருந்தது. கடைவீதியில் பருத்தியும் மளிகையும் வைத்திருந்தவர். எங்கள் வழியில் எனக்கு மாமா முறை. அவருடைய பருத்திக் கிட்டங்கியின் மாடியில்தான் நான் தங்கினேன். மூன்று வேளையும் அவர் வீட்டில் சாப்பாடு. என்னை அழைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து, “நம்ம மாப்ள. டாக்டருக்கு மேல படிக்காக. கேக்குறதுக்கு மறைக்காமப் பதில் சொல்லுங்க” என்று அவர் சொன்ன பிறகே கதவுகள் திறந்தன. அவர் முகம் சுளித்திருந்தால் எனக்கு ஆய்வேடே இல்லை.

ஊருணியக்காவிடம் விவரம் எடுத்தது ஒரு மத்தியானம். வேலிக்கு வெளியே கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தார். போன ஆண்டு அவருக்குச் சிலந்தி வந்ததை மறைக்கவில்லை. கெண்டைக்காலில் தழும்பைக் காட்டினார். “கொப்புளம் கண்ணுல பட்ட அன்னைக்கே கரையேறிட்டேன் சார். புண்ணுக் கால ஊருணியில வைக்கலாமா? சாமி குத்தம்ல. அப்பத் தண்ணி கீழ்ப்படிக்கு எறங்குன புதுசுதான். ஆறுற வரைக்கும் அவுகவுகளே படியில நின்னு மோந்துக்கிட்டாக” என்றார். வேறு யாருக்காவது வந்ததா என்று கேட்டேன். பூட்டியிருந்த படல் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “எழுதுறது வெளிய போகாதுல்ல?” என்றார். போகாது என்றேன். “மொதலாளிக்கு வந்துச்சு. விடியமுன்ன கதவத் தொறந்துட்டுப் படியில ஒக்காந்து கால உள்ள வச்சிருப்பாக. எரிச்சல் தாங்கல, என்ன செய்வாக பாவம். நான் பாத்தேன். பாத்தும் என்னத்தச் சொல்ல? சாவி அவுக கையில.” மாமாவைத்தான் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அன்று இரவு மாமாவின் பக்கத்தில் இலையில் உட்கார்ந்தபோது, பலகையில் மடித்து வைத்திருந்த அவருடைய கணுக்காலில் அதே தழும்பைப் பார்த்தேன். அத்தை நெய் ஊற்றினார். நான் குனிந்து சாப்பிட்டேன்.

ஆய்வு முடியும் தறுவாயில் பேராசிரியர் ஜீப்பில் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு முன் ஊரைக் கூட்டி, கண்டதை ஊருக்கு விளக்கும்படி என்னிடம் சொன்னார். பெரிய தாளில் ஊரின் வரைபடம் போட்டிருந்தேன். நடுவில் நீல மையில் ஊருணி, சுற்றிலும் நோய் கண்ட வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி, போன ஆண்டின் முதல் நோயாளியிடமிருந்து ஊருணிக்கு ஓர் அம்புக்குறி. அந்த முதல் நோயாளிக்கு ஒன்றாம் எண். இரண்டாம் எண்ணை வரையவே இல்லை. ஒரே ஓர் ஆளிலிருந்து ஊர் முழுக்கப் பரவியது என்று காட்டும்போது படம் அவ்வளவு அழகாக இருந்தது. பேராசிரியர் தலையசைத்துப் பாராட்டிவிட்டு, குடிதண்ணீரை வடிகட்ட ஊருக்குக் கொடுப்பதற்காக வண்டியில் வைத்திருந்த துணிகளை எடுத்து வரப் போனார். அந்த நேரத்தில் முன்வரிசை நாற்காலியிலிருந்து மாமா கேட்டார்: “அது சரி மாப்ள, அந்த ஒண்ணாம் நம்பரு யாரு?”

தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நூறு முகங்கள் என்னைப் பார்த்தன. சொல்லக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அப்படிச் சொன்னால் அவர் மேலும் கேட்பார், பேச்சு இரண்டாம் எண் வரை போகும் என்று பயந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஊருணியக்காவை நோக்கிக் கையை நீட்டினேன்; பெயரையும் சொன்னேன்.

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. பிறகு பின்னாலிருந்து ஒருவன், “புளி போட்டுக் கழுவுனியே, புழுவையும் சேத்துக் கழுவுனியா?” என்று கத்தினான். காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மண்ணை வாரி அவர் பக்கம் எறிந்தார். பேராசிரியர் துணிக்கட்டோடு திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். தண்ணீர் முறை பற்றி ஏதோ பழைய தகராறு என்று சொன்னேன். அது அன்றைய இரண்டாவது பொய்.

அடுத்த நாள் காலையில் ஊர் கூடி ஊருணியக்காவைக் காவலிலிருந்து நீக்கியது. அவர் வீட்டுக் குடம் இனி ஊருணிக்குள் வரக் கூடாது என்றும் தீர்த்தது. தீர்ப்பைச் சொன்னவர் மாமா. அவர் குரலில் கடுமைகூட இல்லை. ஒரு பொது வேலையை முடிக்கிறவர் போலச் சொன்னார். மத்தியானம் ஊருணியக்கா கிட்டங்கிப் படியேறி என் அறை வாசலில் வந்து நின்றார். அழவில்லை. “நான் சொன்னத எழுதுனீகள்ல சார்? அத அப்படியே ஊர்ல ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க. வேற ஒண்ணும் வேணாம்” என்றார். “நோயாளிகள் சொன்னதை வெளியே சொல்லக் கூடாதும்மா. எங்கள் படிப்பில் அது விதி” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததாக நினைவில்லை. கணக்குத் தப்பாக வந்தவர் மறுபடி கூட்டிப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. பிறகு இறங்கிப் போய்விட்டார். மூன்றாம் நாள் நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது, உப்புக் கிணற்றிலிருந்து அவரும் மகளும் குடம் சுமந்து வருவதைப் பார்த்தேன். மகள் ஒரு காலை இழுத்து நடந்தாள். அந்த ஆண்டுச் சிலந்தி அவள் முழங்காலில் வந்திருந்தது. என் பட்டியலில் அவளுக்கும் ஓர் எண் உண்டு.

ஆய்வேடு பாராட்டோடு தேறியது. அரசு வேலை கிடைத்தது. வேறு மாவட்டங்களில் அம்மைக்கும் காலராவுக்கும் அலைந்தேன். நல்ல அதிகாரி என்று பெயரும் எடுத்தேன். எழுபதுகளின் பிற்பாதியில் சுகாதார ஆய்வாளர்களுக்குப் பாடம் எடுக்க என்னை அனுப்பினார்கள். பெயர் குறிப்பேட்டோடு நிற்க வேண்டும் என்ற அதே விதியைக் கரும்பலகையில் எழுதி, பழக்கத்தில் அடிக்கோடும் போட்டேன். ஒரு மாணவர் எழுந்து, “மீறிச் சொல்லிட்டா என்ன சார் ஆயிரும்?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று நான் போய்ப் பார்த்ததே இல்லை.

அந்த வாரமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன். மாமா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊருணிப் படிகளை மூடி, கரையில் உறைகிணறு கட்டி, வாளி போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். சிலந்தி எவருக்கும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வந்தவர்களை நிறுத்தி, போன தடவை சொன்னது தவறு, போன தடவை மறைத்தது இது என்று பழைய குறிப்பேட்டைப் பிரித்து வாசித்தேன். இருபது பேர் இருந்திருப்பார்கள். ஒரு பெரியவர், “இத எதுக்கு சார் இப்பக் கெளறிக்கிட்டு? அவுகளும் போயிட்டாக, புழுவும் போயிருச்சு” என்றார். ஒரு பெண், “எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். “தெரிஞ்சா ஏத்தா அன்னைக்கு வாயத் தொறக்கல?” என்று பக்கத்தில் நின்றவள் கேட்க, “தொறந்திருந்தா மறுநா எங் கொடம் உள்ள போயிருக்குமாக்கும்?” என்றாள். மாமாவின் மகன் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, “எங்க வீட்டுச் சோறு செரிச்சிருச்சா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அது நியாயமான கேள்வி. பத்து ஆண்டு கழித்து, ஆள் இறந்த பிறகு தைரியம் வந்தவன் நான்.

ஊருணியக்கா அந்த ஆண்டே ஊரை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில் கண்டுபிடித்தேன். தறிக்காரர்களுக்கு இராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் வேலை. இராட்டையை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார். ஊரில் போய்ச் சொன்னதைச் சொன்னேன். பெரிய காரியம் செய்துவிட்டு வந்தவன்போல என் குரல் இருந்திருக்க வேண்டும். “யாரு யாரு இருந்தாக?” என்று கேட்டார். சொன்னேன். “எம் மதினி?” இறந்துவிட்டார் என்றார்கள் என்றேன். மண்ணை எறிந்த கிழவர்? அவரும் இல்லை. இராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, “எம் மகட்டச் சொன்னீகளா?” என்றார்.

மகளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. முழங்கால் மடங்காமலே போய்விட்டதாம். வந்த சம்பந்தங்கள் தட்டிப்போய், கடைசியில் பந்தல்குடியில் ஒரு லாரி டிரைவருக்கு இரண்டாம் தாரமாகப் போயிருந்தாள். “ஒங் காலாலதான் எங் காலு போச்சுன்னு ஒரே பேச்சு சார். நல்ல நாளு கெட்ட நாளுக்கு வருவா. வாசல்லயே நிப்பா. எங் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்க மாட்டா. நான் எத்தனையோ மட்டம் சொல்லிப் பாத்தேன். டாக்டரு படம் போட்டுக் காமிச்சாருல்லன்னு கேக்கா. படிச்சவுக சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

மறுநாள் பந்தல்குடி போனேன். தூத்துக்குடி ரோட்டின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லிக் கடை வைத்திருந்தாள். மடங்காத காலை நீட்டி, பலகையில் உட்கார்ந்து சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரர்கள் போகும் வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்: அம்மா கொப்புளம் கண்டதும் கரையேறியது, மாமா காலை வைத்தது, நான் மறைத்தது. அவள் அம்மியிலிருந்து கையை எடுக்கவில்லை. கேட்டு முடித்ததும், “அப்ப அவுக காலாலதான் எனக்கு வந்துச்சு. எங்கம்மா இல்ல. நிச்சயமாத் தெரியுமா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லியிருந்தால் அந்தத் தாய்க்கு நல்லது நடந்திருக்கும். ஆனால் கொப்புளம் கண்ணில் படும் முன்பே தண்ணீரில் உடைந்திருக்கலாம். ஒரே ஒரு காலை வேளை போதும். அவராலும் வந்திருக்கலாம், இவராலும் வந்திருக்கலாம், இரண்டு பேராலும் வந்திருக்கலாம். அந்தப் பெண்ணிடம் இன்னொரு முறை எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்ல வாய் வரவில்லை. “தெரியாதும்மா. யாராலும் சொல்ல முடியாது” என்றேன்.

“இப்பத் தெரியாதுங்கீக. அன்னைக்குத் தெரிஞ்சுதா?”

“அன்றைக்கும் தெரியாது.”

“தெரியாமத்தான் எங்கம்மா பேரச் சொன்னீகளா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் அம்மிக் குழவியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். “நானும் தெரியாமத்தான எங்கம்மாவப் பத்து வருசமா வையுறேன்” என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு லாரி வந்து நின்றது; அவள் ஒரு கையைப் பலகையில் ஊன்றி எழுந்து, தட்டு எடுக்கப் போனாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு, ஆய்வேட்டில் ஒரு நோயாளியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்று கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. என் படம் நூலகத்தில் அப்படியேதான் இருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து அருப்புக்கோட்டைத் தெருவுக்கு மறுபடி போனேன். ஊருணியக்கா என்னைப் பார்த்ததும் இராட்டையை நிறுத்தினார்.

“வந்தா சார். மொத நாளு வாசல்லதான் நின்னா. போனவாரம் உள்ள வந்து ஒக்காந்தா. செத்த நேரங் கழிச்சு, தண்ணி இருக்கான்னு கேட்டா. குடுத்தேன். குடிச்சா.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் இருக்கும். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சிட்டீக. இனிமே இங்கன வராதீக சார். ஒங்களப் பாத்தா எனக்கு அந்தக் கூட்டந்தான் கண்ணுல வருது. எல்லாரும் திரும்பிப் பாக்குற மாதிரியே இருக்கு.”

அதன்பின் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். கடைசிக் காலத்தில் பந்தல்குடியில் மகள் வீட்டில் இருந்தாராம். அந்த வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கவில்லை.